ஒரு அல்லிக் குளத்துக்காக ஊரோடு மோதிய ஓவியர்... யார் இந்த மோனே?

2023 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த ஒரு ஏலத்தில் ஓர் ஓவியம் 7.4 கோடி டாலருக்கு விலை போனது. அன்றைய மதிப்பில் சுமார் 600 கோடி ரூபாய். அந்தப் படத்தில் ராஜா இல்லை, ராணி இல்லை, போர்க்களமும் இல்லை. வீட்டுத் தோட்டத்துக் குளம், அதில் மிதக்கும் அல்லி இலைகள், கொஞ்சம் பூக்கள். அவ்வளவுதான்.

வரைந்தவர் பிரான்ஸ் நாட்டு ஓவியர் க்ளோத் மோனே. ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட அவருடைய அல்லிக் குளத்தை ஏதாவது ஒரு காலண்டரிலோ, செல்போன் வால்பேப்பரிலோ பார்த்திருப்பார்கள்.

ஆனால் அந்தக் குளத்தை அவர் எங்கேயோ போய்ப் பார்த்துவிட்டு வந்து வரையவில்லை. சொந்தக் காசில் நிலம் வாங்கி, குளம் வெட்டி, ஓடைத் தண்ணீரைத் திருப்பி, அல்லிக் கிழங்குகளை ஆர்டர் பண்ணி நட்டு வளர்த்தார். அதற்காக ஊர் மக்களோடு சண்டையும் போட்டார். இன்று நம்ம ஊர் நர்சரிகளில் 'ஹார்டி வாட்டர் லில்லி' என்று டப்பில் வைத்து விற்கிறார்களே, அதே வகைச் செடிகள்தான் அவை.

யார் இந்த மோனே? ஒரு குளத்துக்காக ஏன் இவ்வளவு பாடு? அந்த அல்லி மதுரை வெயிலில் வளருமா? வாங்க, பார்க்கலாம்.

கேலிச் சித்திரம் வரைந்த பள்ளிப் பையன்

மோனே 1840 நவம்பர் 14-ம் தேதி பாரிஸில் பிறந்தார். அவருக்கு 5 வயது ஆனபோது குடும்பம் லெ ஹாவ்ர் என்ற துறைமுக நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்பா மளிகை வியாபாரத்தில் இருந்தார். பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. ஊரில் இருப்பவர்களைக் கேலிச் சித்திரமாக வரைந்து விற்றே பாக்கெட் மணி சேர்த்தார்.

அதே ஊரில் இருந்த யூஜின் பூதான் என்ற ஓவியர்தான் மோனேவின் பாதையை மாற்றியவர். அறைக்குள் உட்கார்ந்து வரையாமல், வெட்டவெளியில் வெளிச்சத்தைப் பார்த்து வரையப் பழக்கினார். வெளிச்சம் மாறினால் ஒரே இடம் வேறு இடமாகத் தெரியும் என்ற பாடம் மோனேவின் மனதில் கடைசி வரை நின்றது.

1857-ல் அம்மா இறந்துபோனார். 1861-ல் ராணுவச் சேவைக்காக அல்ஜீரியா போனார். அங்கே டைபாய்டு வந்து படுத்துவிட, அத்தை ஒருவர் பணம் கட்டி ராணுவத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்தார். பிறகு பாரிஸில் ஓவியம் படிக்கும்போது ரெனுவார், சிஸ்லே போன்ற நண்பர்கள் கிடைத்தார்கள்.

கிண்டலாக வந்த பெயர்

அந்தக் காலத்தில் பாரிஸில் அரசு ஆதரவுடன் நடக்கும் 'சலோன்' கண்காட்சியில் படம் ஏறினால்தான் ஓவியருக்கு மரியாதை. மோனேவுக்கும் நண்பர்களுக்கும் அங்கே அடிக்கடி கதவு சாத்தப்பட்டது. அதனால் 1874 ஏப்ரலில் அவர்களே ஒரு தனிக் கண்காட்சி நடத்தினார்கள்.

அதில் மோனே வைத்த ஒரு படம், காலைப் பனியில் தெரியும் லெ ஹாவ்ர் துறைமுகம். அதன் தலைப்பில் 'இம்ப்ரெஷன்' என்ற சொல் இருந்தது. ஒரு பத்திரிகை விமர்சகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, வால்பேப்பர்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்ற தொனியில் மொத்தக் கூட்டத்தையும் கிண்டலடித்தார். கிண்டலாக வந்த அந்தப் பெயரே பிறகு 'இம்ப்ரெஷனிசம்' என்ற இயக்கத்தின் பெயராகிவிட்டது.

பெயர் வந்தது, காசு வரவில்லை. மனைவி கமீல், இரண்டு மகன்கள், வாடகை பாக்கி, கடன் என்று போனது வாழ்க்கை. அவருடைய படங்களை வாங்கி ஆதரித்த எர்னஸ்ட் ஓஷெடே என்ற வணிகரும் 1877-ல் திவாலானார். செலவைக் குறைக்க இரண்டு குடும்பங்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ ஆரம்பித்தன. 1879 செப்டம்பரில் கமீல் இறந்தார். அப்போது அவருக்கு 32 வயதுதான்.

தாயில்லாத இரண்டு பிள்ளைகளையும் ஓஷெடேவின் மனைவி அலிஸ் தன்னுடைய 6 பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். ஓஷெடே இறந்த பிறகு, 1892-ல் மோனேவும் அலிஸும் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஜிவெர்னி: 10 பேருக்கு ஒரு வாடகை வீடு

1883-ல் 42 வயதில், இரண்டு பெரியவர்கள், எட்டுப் பிள்ளைகள் என மொத்தம் 10 பேரோடு மோனே குடியேறிய கிராமம்தான் ஜிவெர்னி. பாரிஸிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். நம்ம கணக்கில் சொன்னால் மதுரையிலிருந்து தேனி போகிற தூரம்.

முதலில் வாடகைக்குத்தான் இருந்தார்கள். அதற்குள் அவருடைய படங்கள் நல்ல விலைக்கு விற்கத் தொடங்கின. 1890-ல் அந்த வீட்டையும் நிலத்தையும் 22,000 ஃப்ராங்குக்குச் சொந்தமாகவே வாங்கினார். பழத்தோட்டமாக இருந்த இடம் பூந்தோட்டமாக மாறியது. தோட்டக்கலைப் புத்தகங்களும் விதை கேட்லாக்குகளும் வீட்டில் குவிந்தன.

ஒன்று மட்டும் குறை. தோட்டத்தில் தண்ணீர் இல்லை.

வண்ண அல்லியை உருவாக்கியவர் யார்?

இங்கே கதையில் இன்னொரு மனிதர் வருகிறார். பெயர் ஜோசப் பொரி லதூர்-மார்லியாக். 1830-ல் பிறந்த இவர் தென்மேற்கு பிரான்ஸைச் சேர்ந்தவர்.

நமக்கு அல்லி என்றால் சிவப்பு, வெள்ளை, நீலம் எல்லாம் உண்டு. நீலோற்பலம் இலங்கையின் தேசிய மலர். ஆனால் இவை எல்லாம் வெயில் நாட்டுச் செடிகள். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குளமே உறைந்துவிடும். அந்தக் குளிரைத் தாங்கி அங்கே இயற்கையாக வளர்ந்தது பெரும்பாலும் வெள்ளை அல்லி மட்டும்தான். வண்ண அல்லி வேண்டுமென்றால் கண்ணாடி வீடு கட்டி, உள்ளே சூடு ஏற்றி வளர்க்க வேண்டும். அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு.

லதூர்-மார்லியாக் வேறு வழி யோசித்தார். குளிர் தாங்கும் ஐரோப்பிய வெள்ளை அல்லியோடு, வட அமெரிக்காவின் மஞ்சள் அல்லி, ஸ்வீடனில் அபூர்வமாகக் காணப்பட்ட செந்நிற அல்லி போன்றவற்றை மகரந்தச் சேர்க்கை செய்து கலப்பினங்களை உருவாக்கினார். 1875-ல் லெ தாம்பிள்-சுர்-லோ என்ற ஊரில் நர்சரி தொடங்கினார். மஞ்சள், இளஞ்சிவப்பு, அடர் சிவப்பு எனப் பல நிறங்கள் வந்தன. சூடேற்றும் கண்ணாடி வீடு தேவையில்லை, சாதாரணத் தோட்டக் குளமே போதும். இவைதான் இன்றைய ஹார்டி வாட்டர் லில்லிகளின் முன்னோர்.

1889-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. ஈஃபிள் கோபுரம் திறக்கப்பட்டது அந்தக் கண்காட்சிக்காகத்தான். லதூர்-மார்லியாக்கின் வண்ண அல்லிகளும் அங்கே வைக்கப்பட்டு முதல் பரிசு வாங்கின. மோனேவின் ஓவியங்களும் அதே கண்காட்சியில் இருந்தன. அந்த அல்லிகளை மோனே முதலில் பார்த்தது அங்கேதான் என்று கருதப்படுகிறது.

ஊர் மக்கள் ஏன் எதிர்த்தார்கள்?

1893 தொடக்கத்தில் தன் தோட்டத்துக்கு எதிரே, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஈர நிலத்தை மோனே வாங்கினார். பக்கத்தில் எப்த் ஆற்றின் கிளை ஓடை ஒன்று ஓடியது. அதிலிருந்து தண்ணீர் திருப்பிக் குளம் அமைக்க அரசு நிர்வாகத்திடம் அனுமதி கேட்டார்.

ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. ஓடையின் கீழ்ப்பக்கம் இருந்தவர்கள் அந்தத் தண்ணீரில்தான் துணி துவைத்தார்கள், மாடுகளுக்கும் அதே தண்ணீர்தான். எங்கிருந்தோ வரும் பெயர் தெரியாத செடிகளைப் போட்டால் தண்ணீர் விஷமாகிவிடும், மாடு செத்துப்போகும் என்று பயந்தார்கள்.

மோனேவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் விடவில்லை. 1893 ஜூலையில் மாவட்ட நிர்வாக அதிகாரிக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும், வரைவதற்குப் பொருளாகவும் ஒரு குளம் வேண்டும், வளர்க்கப்போவது நாணல், அல்லி மாதிரியான செடிகள்தான், தண்ணீர் கெடாது என்று விளக்கினார். அதே மாதம் அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஊர்க்காரர்களை விவரம் இல்லாதவர்களாகக் காட்டுவது வழக்கம். ஆனால் வைகை ஆற்றைப் பார்த்த மதுரைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் சிரித்துவிட முடியாது. ஆற்றையும் கண்மாய்களையும் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவிலிருந்து. எதற்காக வந்தது? பூ அழகாக இருக்கிறது என்பதற்காக! 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அழகுச் செடியாக வங்காளத்துக்கு வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது.

அல்லியிலும் அப்படி நடந்திருக்கிறது. லதூர்-மார்லியாக் பயன்படுத்திய அதே அமெரிக்க மஞ்சள் அல்லி, தென் ஆப்பிரிக்காவில் இன்று நீர்நிலைகளை ஆக்கிரமிக்கும் களையாகப் பார்க்கப்படுகிறது. ஜிவெர்னி ஊர்க்காரர்களின் விஷ பயம் தப்பு. ஆனால் பொதுத் தண்ணீரில் புதுச் செடியைச் சேர்ப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தது தப்பில்லை.

குளம் தயார்... படம் எங்கே?

அனுமதி கிடைத்ததும் வேலை வேகமெடுத்தது. 1894-ல் லதூர்-மார்லியாக் நர்சரியிலிருந்து மோனே அல்லிகளை வாங்கினார். அந்த ஆர்டரின் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. நர்சரியும் இன்று வரை இயங்குகிறது. 1895-க்குள் குளத்தின் குறுக்கே ஜப்பானிய பாணியில் ஒரு மரப்பாலமும் வந்துவிட்டது. 1901-ல் மேலும் நிலம் வாங்கிக் குளத்தைப் பெரிதாக்கினார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. செடி நட்டது 1894-ல். அல்லியை மட்டும் தனியாக வைத்து அவர் வரைய ஆரம்பித்தது 1897 வாக்கில். இடையில் மூன்று வருஷம்! வரையும் எண்ணத்தில் அந்த அல்லிகளை நடவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் அவை தனக்குப் புரிந்தன என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த மூன்று வருஷம் சும்மா போகவில்லை. ஹார்டி அல்லி நட்ட உடனே குளத்தை நிறைத்துவிடாது. கிழங்கு படுக்கைவாட்டில் மெதுவாக நகர்ந்து வளரும். குளிர்காலத்தில் இலை எல்லாம் அழுகி மறைந்து, செடியே செத்துவிட்ட மாதிரி இருக்கும். அடியில் சேற்றுக்குள் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். கிழங்கு உறையாத வரை மேலே பனிக்கட்டி மூடினாலும் கவலை இல்லை. வசந்தம் வந்ததும் மறுபடி துளிர்விடும். ஒரு செடி தன் முழு உருவத்தைக் காட்ட இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

படகில் ஒரு தோட்டக்காரர்

மோனேவின் தோட்டத்தில் 6 பேர் வரை வேலை பார்த்தார்கள். அதில் ஒருவருக்குக் குளம் மட்டும்தான் பொறுப்பு. அவர் காலையிலேயே சின்னப் படகில் ஏறிப் போய்ப் பழுத்த இலைகள், வாடிய பூக்கள், பாசி எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். இலைகள் மேல் படிந்த தூசியையும் கழுவிவிடுவார். மோனே வரைய வரும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். வானமும் மேகமும் அதில் தெரிய வேண்டும்.

இலைகள் கொத்துக் கொத்தாக நிற்க வேண்டும், நடுவில் வெறும் தண்ணீர் தெரிய வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பு. அல்லியை அதன் போக்கில் விட்டால் குளம் முழுக்க மூடிவிடும், அப்புறம் பிரதிபலிப்பு ஏது?

தோட்டத்தை ஒட்டிய மண் சாலையில் மோட்டார் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. கிளம்பிய புழுதி எல்லாம் அல்லி இலைகளில் வந்து படிந்தது. அதைத் தடுக்க, சாலைக்குத் தார் போட மோனே தன் பணத்தையே கொடுத்தார்.

இயற்கையை அப்படியே வரைந்தவர் என்று மோனேவைச் சொல்வார்கள். ஆனால் அந்த 'இயற்கை' தினமும் காலையில் மனிதர்கள் இறங்கி வேலை பார்த்து உண்டாக்கியது.

ஒரே குளத்தைக் காலை, மதியம், மாலை என்று வரைந்துகொண்டே இருந்தார். வெளிச்சம் மாறினால் வேறு கேன்வாஸ். 1909-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் அல்லிக் குளம் மட்டுமே 48 படங்கள். அதற்கு முந்தைய வருஷம், திருப்தி இல்லாமல் 15-க்கும் குறையாத படங்களைத் தன் கையாலேயே அழித்திருந்தார். அதனால் கண்காட்சியே தள்ளிப்போனது. வாழ்நாளில் அல்லியை வைத்து மட்டும் அவர் வரைந்தவை சுமார் 250.

வெள்ளம், மரணம், கண்புரை

1910-ல் பெரு வெள்ளம் வந்து குளமும் தோட்டத்தின் ஒரு பகுதியும் மூழ்கின. 1911-ல் மனைவி அலிஸ் இறந்தார். அதே வருஷம்தான் லதூர்-மார்லியாக்கும் காலமானார். 1914-ல் மூத்த மகன் ஜான் இறந்தார்.

இடையில் 1912-ல் டாக்டர்கள் இன்னொரு செய்தி சொன்னார்கள். இரண்டு கண்களிலும் கண்புரை, அதாவது காட்டராக்ட்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் நம்பியே வாழ்ந்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? கண்புரை முற்றினால் கண்ணில் உள்ள லென்ஸ் மங்கிப் பழுப்பாகும். நீலம் மறையும், எல்லாம் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். அந்தக் காலத்தில் அவர் வரைந்த ஜப்பானியப் பாலம் படங்களைப் பார்த்தால் பச்சையும் நீலமும் குறைந்து, சிவப்பும் பழுப்பும் தீ மாதிரி எரியும். நிறத்தைக் கண்ணால் நம்ப முடியாமல், பெயிண்ட் ட்யூப்பில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் எடுத்தார்.

ஆபரேஷனுக்கு அவர் ரொம்ப பயந்தார். பல வருஷம் தள்ளிப்போட்டார். கடைசியில் 1923-ல் டாக்டர் சார்ல் குதெலா வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்தார். அதுவும் ஒரே தடவையில் முடியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மோனே பொறுமை இழந்து ரகளை செய்தார். எடுத்த லென்ஸுக்குப் பதிலாக உள்ளே வேறு லென்ஸ் வைக்கும் முறை அப்போது இல்லை. தடித்த கண்ணாடிதான் போட வேண்டும். முதலில் எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிந்தது. நிறம் பூசிய கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்ட பிறகுதான் ஓரளவு சரியானது.

இதை மதுரையில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இன்றைய நிலை சொல்லாமலே தெரியும். கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் முறை 1949-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை சிகிச்சையில் உலகமே திரும்பிப் பார்க்கும் இடமாக வளர்ந்தது. அதன் பிரிவான ஆரோலேப் 1992-லிருந்து அந்த லென்ஸை மதுரையிலேயே குறைந்த விலையில் தயாரிக்கிறது. மோனே பத்து வருஷத்துக்கும் மேலாகப் பயந்து தள்ளிப்போட்ட சிகிச்சை, இன்று அண்ணா நகருக்கு பஸ் ஏறிப் போய் முடித்துக்கொண்டு வருகிற விஷயமாகிவிட்டது.

போருக்கு நடுவே ஒரு பரிசு

மங்கிய கண்ணோடுதான் அவர் தன் மிகப் பெரிய வேலையைத் தொடங்கினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1914-ல் ஜெர்மன் படைகள் நெருங்கியபோது ஊரில் பலர் கிளம்பிவிட்டார்கள். மோனே ஜிவெர்னியை விட்டு நகரவில்லை. தோட்டத்திலேயே ஒரு பிரமாண்ட ஸ்டூடியோ கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலான கேன்வாஸ்களில் அல்லிக் குளத்தை வரைய ஆரம்பித்தார்.

1918 நவம்பர் 11-ல் போர் நின்றது. மறுநாளே தன் நண்பரும் பிரான்ஸ் பிரதமருமான கிளெமென்சோவுக்கு மோனே கடிதம் எழுதினார். வெற்றியில் தன் பங்காக இரண்டு ஓவியங்களை நாட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். இரண்டு என்று ஆரம்பித்தது வளர்ந்துகொண்டே போனது.

ஆனால் படங்களைக் கையிலிருந்து விட அவருக்கு மனம் வரவில்லை. திருத்தம், மறுபடி திருத்தம். கண் ஆபரேஷனுக்கு அவரை இழுத்துப் போனதிலும் கிளெமென்சோவுக்குப் பெரிய பங்கு உண்டு. சாகும் வரை ஓவியங்கள் ஜிவெர்னியை விட்டுப் போகவில்லை.

1926 டிசம்பர் 5-ம் தேதி, 86 வயதில், நுரையீரல் புற்றுநோயால் மோனே காலமானார். சவப்பெட்டி மேல் போட்டிருந்த கறுப்புத் துணியைக் கிளெமென்சோ எடுத்துவிட்டுப் பூப்போட்ட துணியைப் போர்த்தினார் என்று சொல்வார்கள்.

1927 மே மாதம் பாரிஸின் ஒரான்ஜெரி அருங்காட்சியகத்தில் அந்த ஓவியங்கள் திறக்கப்பட்டன. முட்டை வடிவில் இரண்டு அறைகள். 8 ஓவியங்கள், 2 மீட்டர் உயரம், மொத்த நீளம் சுமார் 90 மீட்டர். நடுவில் நின்றால் சுற்றிலும் குளம்தான்.

கைவிட்டதும் குளம் என்ன ஆனது?

மோனேவுக்குப் பிறகு, அலிஸின் மகளும் மோனேவின் மருமகளுமான பிளான்ஷ் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். 1947-ல் அவரும் இறந்த பிறகு கவனிக்க ஆளில்லை. கரைகள் சரிந்தன, பாலம் உளுத்தது, குளம் தூர்ந்தது. உலகமே கொண்டாடிய காட்சி, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் புதரானது.

1966-ல் இளைய மகன் மிஷெல் கார் விபத்தில் இறந்தபோது, சொத்து பிரான்ஸின் நுண்கலை அகாடமிக்குப் போனது. 1977 முதல் மறுசீரமைப்பு நடந்தது. குளத்தை மறுபடி தோண்டி, கரை கட்டி, பாலத்தைப் புதிதாக அமைத்து, அல்லிகளைத் திரும்ப நட்டார்கள். 1980-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்றும் அங்கே காலையில் ஒருவர் படகில் போய் இலை பொறுக்குகிறார்.

சரி, நம்ம மதுரையில் ஹார்டி அல்லி வளருமா?

வளரும். குளிர் தாங்கும் வகை என்பதால் வெயிலில் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பனியே கிடையாது என்பதால் நீண்ட தூக்கமும் இல்லை. கிட்டத்தட்ட வருஷம் முழுக்க இலை இருக்கும். கடும் கோடையில் மட்டும் பூ குறையலாம்.

ஹார்டி வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் பூ தண்ணீர் மேலேயே மிதக்கும். இலை விளிம்பு வழவழப்பாக இருக்கும். பூ தண்ணீருக்கு மேலே காம்பு நீட்டி நின்று, இலை விளிம்பு பல் பல்லாக இருந்தால் அது வெயில் நாட்டு வகை. இன்னொரு வித்தியாசம், நம்ம ஊர் அல்லியில் இரவில் மலரும் ரகம் உண்டு. ஹார்டி அல்லி பகலில் விரிந்து மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். ஒரு பூ 3 அல்லது 4 நாள் இப்படி விரிந்து மூடும். நீல நிறத்தில் ஹார்டி என்று விலை குறைவாகச் சொன்னால் யோசித்து வாங்குங்கள். லதூர்-மார்லியாக்கின் ஹார்டி ரகங்களிலேயே நீலம் கிடையாது.

தொட்டி: குளம் வெட்ட இடம் வேண்டும் என்பதில்லை. 2 முதல் 3 அடி அகல சிமெண்ட் தொட்டியோ பிளாஸ்டிக் டப்போ போதும். மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் எடையைக் கணக்குப் பாருங்கள். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. சுவருக்கோ பீமுக்கோ மேலே வைப்பது பாதுகாப்பு.

மண்: கனமான களிமண் கலந்த தோட்ட மண் நல்லது. 'காளவாசல்' என்றால் செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளை. செங்கல்லுக்கு ஏற்ற ஒட்டும் மண்தான் அல்லிக்கும் பிடிக்கும். தேங்காய் நார், மக்கிய உரம், பச்சைச் சாணம் கலக்காதீர்கள். அவை மிதக்கும், அழுகும், தண்ணீரைப் பச்சையாக்கும்.

நடும் முறை: அகலமான தொட்டியில் கிழங்கை ஓரமாக, படுக்கைவாட்டில் வையுங்கள். வளரும் நுனி நடுப்பக்கம் பார்த்திருக்கட்டும். நுனியை மண்ணில் புதைக்கக் கூடாது. மேலே கொஞ்சம் சிறு ஜல்லி பரப்பினால் மண் கலங்காது. முதலில் நுனிக்கு மேல் அரை அடி தண்ணீர், இலை வந்த பிறகு ஒன்று முதல் ஒன்றரை அடி வரை ஏற்றலாம்.

வெயில்: ஒரு நாளைக்கு 5, 6 மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் இலைதான் வரும், பூ வராது. ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் சின்ன டப்பில் தண்ணீர் கொதித்துவிடும். மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். குறைந்த தண்ணீரை மாலையில் நிரப்புங்கள்.

தண்ணீர்: அசையாத தண்ணீர்தான் அல்லிக்கு வேண்டும். ஃபவுண்டன் சொட்டும் இடத்தில் வைத்தால் இலை கெடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒன்றிரண்டு நாள் விட்டு மீன் விடுங்கள்.

கொசு: இதுதான் முக்கியம். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டிக்கு நாலைந்து கப்பி மீன் கட்டாயம்.

உரம்: தண்ணீரில் தூவினால் பாசிதான் வளரும். மெதுவாகக் கரையும் உர மாத்திரையை மண்ணுக்குள் விரலால் அழுத்திவிடுங்கள்.

பராமரிப்பு: மஞ்சளான இலையையும் முடிந்த பூவையும் அடியோடு கிள்ளி எடுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கிழங்கைப் பிரித்து நடுங்கள். இல்லையென்றால் இலைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் பூ குறைந்துவிடும்.

பிரித்ததில் மிச்சமாகும் கிழங்கை என்ன செய்வது? தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், இல்லையா, வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மாடக்குளம் கண்மாயிலோ வைகையிலோ கொண்டுபோய்ப் போடாதீர்கள். கப்பி மீனுக்கும் இதே விதிதான். நம்ம கண்மாய்களில் ஆகாயத்தாமரையை அள்ளவே இன்னும் ஆள் போதவில்லை.